பொறியியல் இயற்பியல் முடித்தபின்: எந்தத் தேர்வு, எந்த ஆய்வகம், எந்த வேலை

இஸ்ரோ ‘விஞ்ஞானி/பொறியாளர்’ பணிக்கு ஆள் எடுக்கும்போது அறிவிப்பில் வழக்கமாக மின்னணுவியல், இயந்திரவியல், கணினி அறிவியல் என்று பிரிவுகள் இருக்கும். பொறியியல் இயற்பியல் இருக்காது. டி.ஆர்.டி.ஓ. அறிவிப்பில் இயற்பியல் என்றொரு வரி உண்டு. அதற்கு நேரே முதுகலைப் பட்டம் என்று போட்டிருக்கும். நான்கு வருடம் குவாண்டம் இயங்கியலையும் மின்னணுச் சுற்றுகளையும் சேர்த்துப் படித்த மாணவர், பொறியாளர் வரிசையிலும் சேராமல் இயற்பியலாளர் வரிசையிலும் சேராமல் நிற்பது இங்கேதான். சொந்தக்காரர்கள் வேறு, “பிசிக்ஸ்னா வாத்தியார் வேலைக்குத்தானே தம்பி?” என்று கேட்டு வைப்பார்கள். (அந்த வேலைக்கும் இந்தப் பட்டத்தோடு நேரே போய்விட முடியாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.)

படிப்பில் குறை ஏதும் இல்லை. சென்னை, மும்பை, தில்லி, குவாஹாத்தி, ரூர்க்கி, ஹைதராபாத் ஐஐடிகளிலும், கோழிக்கோடு என்ஐடியிலும், தில்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இருக்கும் இந்தப் பாடப்பிரிவு, இயற்பியலின் அடித்தளத்தோடு மின்னணுவியல், நிரலாக்கம், பொருளியல்புகள், அளவீட்டுக் கருவிகள் எல்லாவற்றிலும் ஒரு கை வைக்க விடுகிறது. சிக்கல் அங்கிருந்தே வருகிறது. கல்யாண வீட்டில் எல்லா வேலைக்கும் ஓடும் தம்பியை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் முன்பணம் கொடுக்கக் கூப்பிடுவது சமையல் மாஸ்டரைத்தான். வேலைக்கு எடுப்பவரும் சரி, பிஎச்.டி.க்குச் சேர்த்துக்கொள்பவரும் சரி, இவரால் இன்னது முடியும் என்று நம்புவதற்கு ஒரு சான்று கேட்கிறார். அந்தச் சான்று இடத்துக்கு இடம் வேறு. ஓர் இடத்தில் அது கேட் மதிப்பெண், இன்னோர் இடத்தில் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம், மற்றோர் இடத்தில் நீங்களே எழுதிய நிரல். எந்த இடம் எதைக் கேட்கிறது என்பதை மூன்றாம் ஆண்டுக்குள் தெரிந்துகொண்டவர்களுக்குக் கடைசி ஆண்டில் பதற்றம் குறைவு. இந்த அத்தியாயம் அதற்காகத்தான்.

எப்படிப்பட்ட நாள் வேண்டும்?

“கோர் வேலையா, நான்-கோரா?” என்று விடுதி அறைகளில் நடக்கும் விவாதத்தில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. இயற்பியல் படித்தவருக்குக் கோர் எது என்று அதில் யாரும் வரையறுத்ததில்லை. அதைவிடப் பயனுள்ள கேள்வி, உங்கள் நாள் எப்படிக் கழிய வேண்டும் என்பது. தாளும் பேனாவுமாக, அல்லது கணினியில் மாதிரிகளை ஓட்டிக்கொண்டு கழிய வேண்டுமா? தலை முதல் கால் வரை மூடிய உடையோடு கிளீன்ரூமில் வேஃபரைக் கையாள வேண்டுமா? லேசரும் வெற்றிடப் பம்புமாக ஒரு கருவியை மாதக்கணக்கில் பிரித்துப் பூட்ட வேண்டுமா? அல்லது இயற்பியல் பழக்கிவிட்ட கணிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மென்பொருளுக்கோ நிதித்துறைக்கோ போகிறீர்களா?

இதற்கு யோசித்துப் பதில் கண்டுபிடிக்க முடியாது. செய்துதான் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் கோடை விடுமுறைகள் இருக்கின்றன. மூன்று இந்திய அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோடை மாணவர் திட்டம், ஜெர்மனிக்கு அனுப்பும் டாட் அமைப்பின் ‘வைஸ்’, கனடாவுக்கான மைடேக்ஸ் குளோபலிங்க் ஆகியவை பழைய, நம்பகமான வழிகள். முதல் கோடையைக் கோட்பாட்டுப் பக்கமும் இரண்டாவதைச் சோதனைக்கூடத்திலும் கழித்தவர்கள் தங்களைப் பற்றித் தெளிவாகப் பேசுவதைக் கவனித்திருக்கிறேன். இரண்டையும் ஒரே பேராசிரியரிடம் கழிப்பதில் வேறொரு லாபம் இருக்கிறது: அவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் சாரம் இருக்கும். வெளிநாட்டு பிஎச்.டி.தான் இலக்கு என்றால் ஒரே பேராசிரியரிடம் கழிப்பதையே நான் சொல்வேன்.

இந்தியாவிலேயே மேற்படிப்பு: கேட் தாளைத் தேர்ந்தெடுப்பது

கேட் தேர்வில் பொறியியல் இயற்பியலுக்கென்று தாள் இல்லை. பெரும்பாலோர் யோசிக்காமல் இயற்பியல் தாளை எழுதிவிடுகிறார்கள். அந்தத் தாள் எம்.எஸ்சி. மாணவர்களின் களம்: செவ்வியல் இயங்கியல், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளியியல் இயங்கியல், திடப்பொருள், அணுக்கரு என்று முழு முதுகலைப் பாடத்தையும் கேட்கும். இரண்டு வருடம் கூடுதலாக அதையே படித்தவர்களோடு நீங்கள் மோத வேண்டும். இயற்பியல் துறையில் பிஎச்.டி. செய்யவும், ஒளியியல், திடப்பொருள் சார்ந்த எம்.டெக். படிப்புகளில் சேரவும் அது தேவை. மற்றபடி எழுதியாக வேண்டிய கட்டாயம் இல்லை.

பலர் கண்ணில் படாத ஒன்று கருவியியல் தாள். மின்சுற்றுகள், குறிகைகள், கட்டுப்பாட்டியல், உணரிகள், அளவீடு ஆகியவற்றோடு ஒளியியல் கருவிகளும் அதன் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. பொறியியல் இயற்பியல் மாணவர் ஆய்வகத்தில் ஏற்கெனவே தொட்டுப் பார்த்த சங்கதிகள் இவை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கருவியியலையும் பயன்முறை இயற்பியலையும் ஒரே துறையாக வைத்திருக்கிறார்கள். நம் படிப்புக்கு நாட்டில் அதைவிட நெருக்கமான முகவரி இருக்கிறதா என்று தெரியவில்லை. சிப் வடிவமைப்புப் பக்கம் போகிறவர்கள் மின்னணுவியல் தாளைத்தான் எழுத வேண்டும். அதற்கு ஓர் ஆண்டு முன்பிருந்தே தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். 2024இல் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் புதிய தாள் வந்தது. நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் நன்றாக வருகிறவர்கள் அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

2021 முதல் ஒருவர் இரண்டு தாள்கள் எழுதலாம். எந்தத் தாளோடு எதைச் சேர்க்கலாம் என்பதற்கு அட்டவணை உண்டு. அதைப் பார்த்த பிறகே திட்டம் போடுங்கள். மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும் என்பதால் கடைசி ஆண்டில் எழுதி வைத்துக்கொள்வதில் நஷ்டம் இல்லை.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கேட் மூலம் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி.யில் இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000. பி.டெக். முடித்து நேரே பிஎச்.டி. சேர ஐஐடிகளில் இடம் உண்டு. மத்திய அரசு நிதியில் இயங்கும் நிறுவனங்களில் நல்ல சிஜிபிஏ வாங்கியவர்களைக் கேட் இல்லாமலேயே நேர்முகத்துக்கு அழைக்கும் வழக்கமும் இருக்கிறது. ஆராய்ச்சிதான் என்று உறுதியானவர் எம்.டெக்.கை இடையில் செருகத் தேவையில்லை என்பது என் கருத்து. சந்தேகம் இருப்பவர் எம்.டெக். போகட்டும், பாதியில் விட்ட பிஎச்.டி.யைவிட முடித்த எம்.டெக். எவ்வளவோ மேல்.

ஜெஸ்ட் தேர்வைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் உட்படப் பல ஆய்வு நிறுவனங்கள் இயற்பியல் பிஎச்.டி.க்கு இதன் வழியே ஆள் எடுக்கின்றன. கேள்விகள் குறைவு, யோசனை அதிகம். பயிற்சி மையக் குறிப்புகள் இங்கே அவ்வளவாக உதவாது. பி.டெக்.கை ஏற்பதிலும், ஒருங்கிணைந்த பிஎச்.டி.யா நேரடிப் பிஎச்.டி.யா என்பதிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. சிஎஸ்ஐஆர் நெட் தேர்வை பி.டெக். முடித்தவரும் எழுதலாம், ஆனால் அவருக்குக் கிடைப்பது ஆய்வு உதவித்தொகைக்கான தகுதிதான், விரிவுரையாளர் தகுதி அதில் வராது.

அணுசக்தித் துறைக்கு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி வழியாகப் போகிறார்கள். 1957இல் தொடங்கிய பள்ளி அது. பொறியியல் பிரிவுகளுக்கு பி.டெக்., இயற்பியலுக்கு எம்.எஸ்சி. என்பது அதன் பொதுவான அமைப்பு. பொறியியல் இயற்பியலை எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள், எந்தத் தாளை ஏற்கிறார்கள் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பை வைத்தே முடிவு செய்யுங்கள். சீனியர் சொன்னதை வைத்து அல்ல. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும், இந்தூரில் இண்டஸ் சின்குரோட்ரான்களும், காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையும் லைகோ-இந்தியா ஈர்ப்பலை ஆய்வகத்துக்கு 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. மிகத் துல்லியமான லேசர், மிகப் பெரிய வெற்றிடக் குழாய், இரைச்சலோடு ஓயாத சண்டை: பொறியியல் இயற்பியல் என்றால் என்னவென்று யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் நான் அந்த வரைபடத்தைத்தான் காட்டுவேன்.

இஸ்ரோவுக்கே போக வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் அதைப் பிளஸ் டூவிலேயே யோசிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் இருக்கும் விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் பொறியியல் இயற்பியலில் ஐந்தாண்டு இரட்டைப் பட்டம் தருகிறது. வானியற்பியல், புவி அமைப்பு அறிவியல், திடப்பொருள் இயற்பியல், ஒளியியல் பொறியியல் என்று அதில் கிளை பிரியும். படித்து முடித்தால் இஸ்ரோ வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாற வேண்டாம். காலியிடத்தையும் உங்கள் சராசரி மதிப்பெண்ணையும் பொறுத்தது அது.

அமெரிக்காவா, ஜெர்மனியா?

இரண்டுக்கும் பாதை அடிப்படையிலேயே வேறு. அமெரிக்காவில் பி.டெக். முடித்து நேரே பிஎச்.டி. சேரலாம், ஐந்து முதல் ஆறு ஆண்டுகள் ஆகும். கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி, பாடம் நடத்தியோ ஆய்வு செய்தோ மாதச் சம்பளமும் வரும். அங்கே தனியாக முதுகலை சேர்ந்தால் பெரும்பாலும் கைக்காசு போட வேண்டும். வீட்டை அடமானம் வைத்து அமெரிக்காவில் இயற்பியல் முதுகலை படிக்கப் போவதாக யாராவது சொன்னால், முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

ஜெர்மனியில் பிஎச்.டி.க்கு முதுகலை இல்லாமல் பொதுவாக நுழைய முடியாது. ஆனால் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்குகிறது. வாழ்க்கைச் செலவுக்கு முடக்கப்பட்ட கணக்கில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு. இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம். அது கைக்கு வரக் காலம் பிடிக்கும் என்பதால் ஏழாம் பருவம் தொடங்கும்போதே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

ஜெர்மன் விண்ணப்பங்களில் நம் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே சேர்க்கைக் குழு உங்கள் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. கோட்பாட்டு இயங்கியலில் எத்தனை கிரெடிட், மின்னியக்கவியலில் எத்தனை, குவாண்டத்தில் எத்தனை, ஆய்வகத்தில் எத்தனை என்று பாடம் பாடமாகக் கூட்டுகிறது. பொறியியல் இயற்பியல் மாணவர் வரைகலைக்கும் பட்டறைக்கும் பொருளாதாரத்துக்கும் செலவழித்த கிரெடிட்கள் அந்தக் கணக்கில் ஏறாது. கையில் இருக்கும் விருப்பப் பாடங்களை ஐந்தாம் பருவத்திலேயே இதை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் தப்பிக்கலாம். இயற்பியலுக்குப் பதில் அதன் பயன்பாட்டுப் பெயர்களைத் தேடுவதும் நல்ல உத்தி: யேனா நகரின் அபே ஒளியணுவியல் பள்ளி, மியூனிக்கின் இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் குவாண்டம் முதுகலை, சூரிக் இடிஎச்சின் குவாண்டம் பொறியியல், டெல்ஃப்ட்டின் பயன்முறை இயற்பியல். யேனா, கார்ல் ஸைஸ் நிறுவனம் பிறந்த ஊர். அங்கே வகுப்பறைக்கும் தொழிற்சாலைக்கும் தூரம் அதிகமில்லை. எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ வரும், கட்டணமும் இல்லை. போட்டி கடுமைதான்; விண்ணப்பிக்காமல் விடுவதற்கு அது காரணமாகாது.

கனடாவில் முதுகலைக்கே நிதியுதவி தரும் இயற்பியல் துறைகள் பல உண்டு. வாட்டர்லூவில் பெரிமீட்டர் நிறுவனம் நடத்தும் ஓராண்டு முதுகலை முழுச் செலவையும் ஏற்கிறது. கோட்பாட்டில் உண்மையிலேயே பித்துப் பிடித்தவர்களுக்கு மட்டும் அது.

அமெரிக்கப் பக்கம் திரும்பினால், எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது என்பதுதான் கேள்வி. ஒரே ஒளியணுச் சிப் ஆராய்ச்சி ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையிலும், இன்னொன்றில் மின்பொறியியலிலும், ஸ்டான்ஃபோர்டில் பயன்முறை இயற்பியலிலும், கார்னெலில் பயன்முறை மற்றும் பொறியியல் இயற்பியல் பள்ளியிலும் நடக்கும். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் பார்டீன் மின்பொறியியலில் இளங்கலையும் முதுகலையும் முடித்து, எண்ணெய்க் கம்பெனி ஆய்வகத்தில் புவி இயற்பியல் வேலை பார்த்து, அப்புறம் பிரின்ஸ்டனில் பிஎச்.டி. சேர்ந்தவர். டிரான்சிஸ்டருக்குப் பின் 1951இல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது மின்பொறியியல், இயற்பியல் என்று இரண்டு துறைகளிலும் பேராசிரியராக இருந்தார். இயற்பியல் நோபல் பரிசு இரண்டு முறை, 1956இலும் 1972இலும், அவருக்குக் கிடைத்தது. ஆகவே துறையின் பெயரைத் தேடாமல் ஆய்வுக்குழுவைத் தேடுங்கள். அந்தக் குழுவின் தலைவர் எந்தெந்தத் துறை மாணவர்களை எடுக்கிறார் என்பது அவருடைய இணையப் பக்கத்தில் இருக்கும் மாணவர் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சேர்க்கை முறையும் வேறுபடும். இயற்பியல் துறைகளில் பெரும்பாலும் ஒரு குழு அமர்ந்து எல்லா விண்ணப்பங்களையும் பார்க்கும். முன்கூட்டிப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புவதால் பெரிய மாற்றம் இராது. பொறியியல் துறைகளில் பேராசிரியரின் கையில் பணம் இருக்கிறதா, அவர் உங்களை விரும்புகிறாரா என்பதே பல நேரம் முடிவு செய்யும். அங்கே நான்கே வரியில் எழுதிய நல்ல மின்னஞ்சல் வேலை செய்யும். நல்ல மின்னஞ்சல் என்றால், அவருடைய கட்டுரை ஒன்றை உண்மையாகவே படித்து, அதில் ஒரு கேள்வியோ, உங்கள் வேலையோடு ஒரு தொடர்போ காட்டுவது. “தங்கள் உன்னத ஆராய்ச்சியால் ஈர்க்கப்பட்டு” என்று தொடங்கினால் அடுத்த வரியை யாரும் படிக்கப் போவதில்லை.

இயற்பியல் ஜிஆர்இ தேர்வைப் பல துறைகள் இப்போது கட்டாயமாகக் கேட்பதில்லை. கேட்காத இடத்தில் சுமாரான மதிப்பெண்ணை வலியப் போய்க் கொடுக்க வேண்டாம். விண்ணப்பங்கள் டிசம்பரில் முடிகின்றன. ஒவ்வொன்றுக்கும் 100 டாலரை ஒட்டிக் கட்டணம் ஆகும் என்பதால் எண்ணிக்கையை வீட்டு நிலைமை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டண விலக்குக்கு முறை உள்ள இடங்களில் கேட்டுப் பார்க்க வெட்கப்பட வேண்டியதில்லை.

போகும் முன் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. ராக்கெட், ராணுவ ஒளியியல், சில வகை லேசர்கள் ஆகியவை அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் வருகின்றன. இவற்றில் வேலை செய்யும் நிறுவனங்களில் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்கள் வேலைக்குச் சேர்வது மிகக் கடினம். பிஎச்.டி. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே, இதற்கு அப்புறம் எனக்கு யார் வேலை தர முடியும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

குறைகடத்தித் துறை

பி.டெக்.கோடு வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இப்போது நான் முதலில் சொல்வது இதைத்தான். 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்க்குக் குறைகடத்தித் திட்டத்தை அறிவித்தது. குஜராத்தின் சானந்தில் மைக்ரான், தோலேராவில் தைவானின் பிஎஸ்எம்சியோடு டாடா, அசாமின் ஜாகிரோட்டில் டாடாவின் சிப் பொதியாக்க ஆலை என்று வரிசையாக வேலைகள் தொடங்கின. செய்திகளில் எல்லோரும் சிப் வடிவமைப்பைப் பற்றியே பேசுகிறார்கள். வடிவமைப்பு மின்னணுவியல் மாணவர்களின் இடம். வேஃபரில் படலம் படிய வைப்பது, பிளாஸ்மாவால் அரித்தெடுப்பது, படிந்தது எத்தனை நானோமீட்டர் என்று அளப்பது, குறைபாட்டை ஒளியால் கண்டுபிடிப்பது: இவை அனைத்தும் இயற்பியல். ஆலையைவிட ஆலைக்குக் கருவி செய்யும் நிறுவனங்களில் நம்மவர்களுக்கு இடம் அதிகம். அப்ளைடு மெட்டீரியல்ஸும் லாம் ரிசர்ச்சும் பெங்களூருவில் இருக்கின்றன. வேஃபர் பரிசோதனைக் கருவிகள் செய்யும் கேஎல்ஏவுக்குச் சென்னையிலேயே பெரிய மையம் உண்டு. ஒளிச்சிதறல் படத்திலிருந்து எது குறை, எது இரைச்சல் என்று பிரிக்கும் வேலைக்கு, ஒளியியலும் நிரலாக்கமும் சேர்ந்து தெரிந்தவர் தேவை. அது உங்கள் பாடத்திட்டம்தான்.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? பி-என் சந்தியின் ஆற்றல் பட்டை வரைபடத்தைப் போடச் சொல்வார்கள். மாஸ் மின்தேக்கியின் மின்தேக்கம் மின்னழுத்தத்தோடு ஏன் அப்படி மாறுகிறது என்பார்கள். பிறகு, “நேற்று வரை சரியாக இருந்த படலத்தின் தடிமன் இன்று மாறிவிட்டது, எங்கிருந்து தேடுவீர்கள்?” என்பார்கள். கடைசிக் கேள்விதான் ஆளைப் பிரிக்கும். அதற்குப் புத்தகத்தில் விடை கிடையாது. ஆய்வகத்தில் ஒரு கருவி சதி செய்து, அதன் பின்னாலேயே அலைந்தவருக்குத்தான் பதில் வரும். புள்ளியியல் முறையில் சோதனைகளை வடிவமைப்பதும், செயல்முறைக் கட்டுப்பாட்டு வரைபடங்களும் நம் பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இருக்காது. ஒரு மாதத்தில் படித்துவிடலாம், படித்துவிடுங்கள்.

உங்கள் கல்லூரியில் கிளீன்ரூம் இல்லையா? இந்திய அறிவியல் கழகமும் மும்பை ஐஐடியும் தொடங்கி, இப்போது மற்ற ஐஐடிகளும் சேர்ந்திருக்கும் ‘இனப்’ எனப்படும் இந்திய நானோ மின்னணுவியல் பயனர் திட்டம், வெளி மாணவர்களுக்குப் பயிலரங்கும் நேரடிக் கைப்பயிற்சியும் தருகிறது. இதில் இடம் பிடித்து ஒரு டையோடைத் தன் கையாலேயே செய்து அளந்து பார்த்தவரின் தன்விவரக் குறிப்பு, அத்தனை ஆன்லைன் சான்றிதழ்களையும் பின்னுக்குத் தள்ளிவிடும்.

மற்ற கதவுகள், சுருக்கமாக

குவாண்டம் தொழில்நுட்பத்துக்கு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயோடு தேசியத் திட்டம் வந்தது. கணிமை பெங்களூருவிலும், தொடர்பு சென்னை ஐஐடியிலும், உணரிகள் மும்பை ஐஐடியிலும், பொருள்களும் சாதனங்களும் தில்லி ஐஐடியிலும் மையம் கொண்டிருக்கின்றன. ஆனால் பி.டெக்.கோடு உள்ளே போகும் வேலைகள் இங்கே குறைவு, முதுகலையோ பிஎச்.டி.யோ எதிர்பார்ப்பார்கள். விதிவிலக்கு, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகைகளும் எஃப்பிஜிஏவும் தெரிந்தவர்களுக்கு. க்யூபிட்டைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். அதற்கு நானோ நொடித் துல்லியத்தில் துடிப்பு அனுப்பும் சுற்றைச் செய்யத்தான் ஆள் பற்றாக்குறை.

மென்பொருளுக்கும் நிதிக்கும் போகிறவர்களைக் குறை சொல்வது இந்தத் துறையில் ஒரு பழக்கமாகிவிட்டது. வீட்டில் கடன் இருப்பவருக்கு உபதேசம் செய்ய நமக்கு உரிமையில்லை. அளவுசார் நிதி நிறுவனங்கள் நிகழ்தகவுப் புதிர்களும் சி++உம் கேட்கின்றன. இயற்பியல் பட்டம் அங்கே தடையே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் அறிவியல் மென்பொருள் செய்யும் அன்சிஸ், மேத்வொர்க்ஸ் போன்றவற்றையும், பெங்களூருவில் எம்ஆர்ஐ, சிடி கருவிகளில் வேலை செய்யும் ஜிஇ, ஃபிலிப்ஸ், சீமென்ஸ் குழுக்களையும் பாருங்கள். மீநிறமாலைச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் பிக்செல் போன்ற புது நிறுவனங்கள் பட்டத்தின் பெயரைவிடச் செய்து காட்டியதைத்தான் பார்க்கும்.

மருத்துவ இயற்பியல், கேட்க இனிமையான பெயர். ஆனால் இந்திய மருத்துவமனையில் கதிர்வீச்சு இயற்பியலாளராக வேலை செய்ய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் சொல்லும் தகுதி வேண்டும்: இயற்பியலில் முதுகலையோடு கதிரியல் இயற்பியல் பட்டயம், அல்லது மருத்துவ இயற்பியலில் முதுகலை, அதன்மேல் மருத்துவமனைப் பயிற்சி. பி.டெக்.கை அடிப்படைப் பட்டமாக ஏற்பார்களா என்று வாரியத்திடமே எழுத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஆசிரியர் வேலைக்கு வருவோம். பொறியியல் கல்லூரியின் இயற்பியல் துறையில் உதவிப் பேராசிரியராக எம்.எஸ்சி. இயற்பியலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அரசுப் பணிகளுக்குத் தமிழ்நாட்டில் எந்தப் பட்டம் எதற்கு இணை என்பது அரசாணைகளால் முடிவாகிறது. உங்கள் பட்டத்துக்கு அப்படி ஓர் அரசாணை இருக்கிறதா என்று பார்க்காமல் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்கு இரண்டு ஆண்டு படிப்பது வீண் துணிச்சல்.

யாரும் சொல்லாத ஒரு வேலை காப்புரிமை. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் இருந்தால் காப்புரிமை முகவர் தேர்வை எழுதலாம். சட்டப் பட்டம் தேவையில்லை. நாட்டில் இருக்கும் நான்கு காப்புரிமை அலுவலகங்களில் ஒன்று கிண்டியில் இருக்கிறது. லேசரும் புரிந்து, சுற்றும் புரிந்து, தெளிவாக எழுதவும் வருகிறவருக்கு இது பொருந்தும். எழுதப் பிடிக்காதவர்கள் பக்கத்தில் வர வேண்டாம்.

எதுவும் அமையாத ஆண்டு

விண்ணப்பித்த இடமெல்லாம் மறுத்து, வேலையும் அமையாமல் ஒரு மே மாதம் வரலாம். வீட்டில் உட்கார்ந்து அடுத்த கேட்டுக்குப் படிப்பது எளிதில் தோன்றும் வழி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஐஐடிகளிலும் இந்திய அறிவியல் கழகத்திலும், தரமணி வளாகத்தில் இருக்கும் சிஎஸ்ஐஆர் மையத்திலும் ‘சமீர்’ நுண்ணலை ஆய்வு நிறுவனத்திலும் நிதி பெற்ற திட்டங்களுக்குத் ‘திட்ட உதவியாளர்’ எடுக்கிறார்கள். அறிவிப்பு அந்தந்த நிறுவன இணையதளத்தில் வரும். பல இடங்களில் நேரே போய் நேர்முகத்தில் கலந்துகொள்ளலாம். சம்பளம் பெரிதில்லை. ஆனால் நாள்தோறும் கருவியோடு இருப்பீர்கள், கட்டுரையில் பெயர் வரலாம், கேட்டுக்கும் மாலையில் படிக்கலாம்.

சேரும் முன் மூன்று விஷயங்களைப் பேராசிரியரிடமே கேட்டுவிடுங்கள். நிதி எத்தனை மாதத்துக்கு உறுதி? எனக்கென்று தனி வேலை இருக்குமா, கொள்முதல் கடிதங்களையும் கணக்கையும்தான் பார்க்க வேண்டியிருக்குமா? டிசம்பரில் பரிந்துரைக் கடிதம் தருவீர்களா? மூன்றாவதுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த ஆய்வகத்துக்கு நடையைக் கட்டுங்கள். சேர்ந்த பிறகு, முதல் வாரத்திலிருந்தே ஆய்வேட்டில் தேதி போட்டு எழுதுங்கள். நவம்பரில் நோக்க அறிக்கை எழுத உட்காரும்போது அதிலிருந்துதான் பத்திகள் கிடைக்கும். பெரும்பாலோருக்கு அங்கே ஓராண்டு போதும். திட்டம் நீடிக்கிறது, சாரும் இருக்கச் சொல்கிறார் என்பதற்காக இரண்டாம் ஆண்டும் தங்குவதாக இருந்தால், அதே இடத்தில் பிஎச்.டி. மாணவராகப் பதிவு செய்துகொண்டு தங்குங்கள்.